டர்ட்டி கவ்: படிக்க மட்டும் அனுமதி இருந்த கோப்பில் எழுத முடிந்தது எப்படி?

கேள்வி இது: "பழைய லினக்ஸ் சர்வர் ஒன்று என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. அதில் டர்ட்டி கவ் ஓட்டை இருக்கலாம் என்று ஸ்கேனர் காட்டுகிறது. அனுமதியைச் சரிபார்க்காமல் கர்னல் எந்தக் கோப்பிலும் எழுத விடாது என்றுதானே படித்தோம்? அப்படியானால் படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒருவர் எப்படி எழுதினார்? இத்தனை வருடம் இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? இப்போதும் கவலைப்பட வேண்டுமா?"

கடைசிக்கு முந்தின கேள்வியைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ஏனென்றால் அது யார் கண்ணிலும் படாத பிழை அல்ல. 2005-லேயே லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைப் பார்த்தார், அடைக்கவும் செய்தார். அந்த அடைப்பு வேறொரு காரணத்துக்காகப் பிரிக்கப்பட்டது. அதன்பின் பதினோரு வருடம், "நடைமுறையில் இது நடக்காது" என்ற நிலையிலேயே அது கிடந்தது. பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்ணான சிவிஇ-2016-5195-உம் டர்ட்டி கவ் என்ற பெயரும் 2016 அக்டோபரில் வந்தன. அதற்குள் யாரோ அதை வைத்து சர்வர்களுக்குள் நுழையத் தொடங்கியிருந்தார்கள்.

எப்படி நடந்தது என்று புரிய, கர்னல், அதாவது வன்பொருளையும் நினைவகத்தையும் ஆளும் லினக்ஸின் மையப் பகுதி, கோப்புகளை நினைவகத்தில் எப்படி வைத்திருக்கிறது என்பதில் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும்.

வட்டில் உள்ள ஒரு கோப்பை நீங்கள் படிக்கும்போது, கர்னல் அதைப் பக்கம் பக்கமாக ராமில் கொண்டு வந்து வைக்கிறது. ஒரு பக்கம் என்பது வழக்கமாக 4 கேபி. இந்தச் சேமிப்புக்கு பேஜ் கேஷ் என்று பெயர். ஒரே கோப்பைப் பத்து ப்ராசஸ் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்) திறந்தாலும் ராமில் இருப்பது ஒரே ஒரு பிரதிதான். சு, பாஸ்வேர்ட் போன்ற கட்டளைகளின் பைனரிகளும் அப்படித்தான். நீங்கள் இயக்கினாலும் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர் இயக்கினாலும் ஓடுவது பேஜ் கேஷில் உள்ள அதே பக்கங்கள். ஆகவே பேஜ் கேஷில் ஒரு பைட் மாறினால், அந்தக் கோப்பு எல்லோருக்கும் மாறிவிட்டது என்று பொருள்.

ஒரு ப்ராசஸ் கோப்பைத் தன் முகவரி வெளியில் நேரடியாகப் பொருத்திக்கொள்ளலாம். அதற்கு எம்மேப் என்ற சிஸ்டம் கால், அதாவது கர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும் அழைப்பு உண்டு. அதில் 'தனிப்பட்ட' முறை என்று ஒன்று இருக்கிறது. இந்த முறையில் பொருத்தினால், படிக்கும்வரை பேஜ் கேஷின் பக்கத்தையே பார்ப்பீர்கள். எழுத முயன்ற கணத்தில் கர்னல் அந்தப் பக்கத்தை நகலெடுத்து உங்களுக்கு மட்டும் தரும், உங்கள் எழுத்து அந்த நகலில் மட்டும் விழும். எழுதும்போது மட்டும் நகலெடுக்கும் இந்த உத்திதான் காப்பி ஆன் ரைட். அலுவலகத்தில் மூல ஆவணத்தை எல்லோரும் பார்க்கலாம், ஆனால் திருத்தம் எழுத வேண்டுமென்றால் ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதே ஏற்பாடுதான். டர்ட்டி கவ் செய்தது, ஜெராக்ஸில் எழுத வேண்டியதை மூல ஆவணத்திலேயே எழுத வைத்தது.

சரி, படிக்க மட்டும் என்று பொருத்திய இடத்தில் எழுதுவதே எப்படி ஆரம்பிக்கிறது? நேரடியாக எழுதினால் சிபியு உடனே தடுத்துவிடும், ப்ராசஸ் செக்மெண்டேஷன் ஃபால்ட்டில் செத்துப்போகும். ஆனால் இன்னொரு வழி உண்டு, அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட வழி. பிழை தேட உதவும் ஜிடிபி போன்ற டீபக்கரில், புரோகிராம் ஓர் இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு பிரேக்பாயிண்ட் வைக்கிறீர்கள் என்றால், அது இயங்கிக்கொண்டிருக்கும் புரோகிராமின் குறிமுறைக்குள்ளேயே ஒரு பைட்டை மாற்றி எழுதுகிறது. அந்தக் குறிமுறை இருக்கும் இடமோ படிக்கவும் இயக்கவும் மட்டும் அனுமதி உள்ள இடம். எனவே கர்னலில் 'கட்டாயமாக எழுது' என்றொரு ஃப்ளாக், அதாவது கோரிக்கையோடு சேர்ந்து வரும் அடையாளம் இருக்கிறது. டீபக்கர்கள் பயன்படுத்தும் பிட்ரேஸ் என்ற சிஸ்டம் கால் வழியாக வந்தாலும், ப்ராக் கோப்பகத்தில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் இருக்கும் மெம் கோப்பின் வழியாக வந்தாலும் அந்த ஃப்ளாக் சேர்ந்தே வரும். இது ஓட்டை அல்ல. தனிப்பட்ட முறையில் பொருத்திய பக்கத்தில் கட்டாயமாக எழுதினாலும் அது நகலில்தானே விழப்போகிறது, கோப்புக்கு ஆபத்தில்லை. அந்த வாதம் சரியானதும்கூட, நகல் உண்மையிலேயே எடுக்கப்பட்டிருக்கும்வரை.

இனி கர்னலுக்குள் போவோம். அந்தக் கோரிக்கை 'கெட் யூசர் பேஜஸ்' என்ற ஃபங்ஷனுக்கு வந்து சேரும். இந்த முகவரியில் இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடு, நான் அதில் எழுதப்போகிறேன் என்பது கோரிக்கை. அந்த ஃபங்ஷன் ஒரு சுழற்சியில் வேலை செய்கிறது: எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று குறித்து வைக்கும் பக்க அட்டவணையில் தேடும், கிடைக்காவிட்டால் பக்கத்தைக் கொண்டுவரும் பகுதியைக் கூப்பிடும், திரும்பவும் தேடும்.

முதல் சுற்றில் அட்டவணையில் எதுவும் இல்லை. பக்கத்தைக் கொண்டுவரும் பகுதி, 'எழுதப்போகிறேன்' என்ற ஃப்ளாக்கைப் பார்த்து, கோப்பின் பக்கத்தை நகலெடுத்து அட்டவணையில் வைக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு எழுதும் அனுமதி இல்லாததால், நகலுக்கும் 'படிக்க மட்டும்' என்றே குறிக்கிறது. இரண்டாவது சுற்றில் பக்கம் இருக்கிறது, ஆனால் எழுத முடியாது என்று குறித்திருக்கிறது. மறுபடி அதே பகுதி கூப்பிடப்படுகிறது. அது பார்த்துவிட்டு, "இது ஏற்கனவே உன் சொந்த நகல்தான், இனி நான் செய்ய ஒன்றுமில்லை" என்று சொல்கிறது.

சிக்கல் இங்கேதான். அந்த நகல் எத்தனை சுற்று போனாலும் 'எழுதலாம்' என்று மாறப்போவதில்லை, ஏனென்றால் அந்த இடத்துக்கே எழுதும் அனுமதி இல்லை. தேடும் பகுதி 'எழுதக்கூடிய பக்கம் கொடு' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் சுழற்சி முடிவே இல்லாமல் ஓடும். அதனால் ஒரு குறுக்கு வழி வைத்தார்கள். நகல் எடுத்தாகிவிட்டது என்று தெரிந்த உடனே, கோரிக்கையிலிருந்து 'எழுதப்போகிறேன்' என்ற ஃப்ளாக்கையே எடுத்துவிடு. அடுத்த சுற்றில் அது படிக்கும் கோரிக்கை மாதிரித் தெரியும், நகல் கிடைத்துவிடும், எழுதிவிடலாம்.

ப்ராசஸுக்குள் ஒரே த்ரெட் (தனியாக ஓடும் ஒரு வேலைச் சரடு) மட்டும் ஓடினால் இதில் தவறே இல்லை. மூன்றாவது சுற்றில் நகல் கிடைக்கும், எழுத்து நகலில் விழும், கோப்பு பத்திரம்.

இப்போது அதே ப்ராசஸில் இன்னொரு த்ரெட்டைச் சேருங்கள். அதன் வேலை எம்அட்வைஸ் என்ற சிஸ்டம் காலைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, "இந்தப் பக்கம் எனக்கு இனி தேவையில்லை, தூக்கிப் போடு" என்று சொல்வது மட்டும். அதுவும் முழுக்க முறையான கோரிக்கை, நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க எத்தனையோ மென்பொருள்கள் தினமும் அதைச் செய்கின்றன. இரண்டாவது சுற்றுக்கும் மூன்றாவது சுற்றுக்கும் நடுவில் அந்தக் கோரிக்கை வந்து விழுந்தால், எடுத்து வைத்த நகல் போய்விடும், அட்டவணை மறுபடி காலியாகிவிடும். மூன்றாவது சுற்றில் தேடும் பகுதி காலியிடத்தைப் பார்த்து, பக்கத்தைக் கொண்டுவா என்கிறது. ஆனால் இப்போது 'எழுதப்போகிறேன்' என்ற ஃப்ளாக் இல்லை. படிப்பதற்கு நகல் எதற்கு? பேஜ் கேஷின் மூலப் பக்கத்தையே அட்டவணையில் வைத்துவிடுகிறது. அடுத்த சுற்றில் அந்தப் பக்கம் 'கிடைத்துவிட்டது' என்று மேலே போகிறது. மேலே காத்திருக்கும் பகுதிக்கோ தான் எழுத வந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, எழுதிவிடுகிறது. சிபியுவும் தடுக்காது, ஏனென்றால் எழுதுவது கர்னல், அதுவும் தன் சொந்த முகவரியின் வழியாக. அந்த முகவரிக்கு எழுதும் அனுமதி எப்போதும் உண்டு.

இத்தனை படிகளில் தவறிய சோதனை எது என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. கோப்பைத் திறக்கும்போது பார்த்த அனுமதி சரி: படிக்கத்தான் திறந்தார், படிக்க அனுமதி உண்டு. எம்மேப்பில் பார்த்த அனுமதி சரி. நகல் எடுத்ததும் சரி, எம்அட்வைஸ் அதைத் தூக்கிப் போட்டதும் சரி. ஒரு சோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, அது இன்னும் உண்மையா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போனதுதான் பிழை. அதைவிட முக்கியமாக, கோரிக்கையின் நோக்கத்தையே நடுவழியில் அழித்தது. 'எழுதப்போகிறேன்' என்பது கேட்டவரின் நோக்கம். 'நகல் எடுத்தாகிவிட்டது' என்பது வேலையின் நிலை. இரண்டும் வேறு வேறு தகவல்கள். முன்னதை நீக்குவதன் மூலம் பின்னதைக் குறித்துக்கொண்டார்கள்.

நினைவகக் கையாளுகையில் பாதுகாப்புப் பிழை என்றாலே ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதும் பஃபர் ஓவர்ஃப்ளோவைத்தான் பலரும் நினைக்கிறார்கள். இங்கே எந்த எல்லையும் தாண்டப்படவில்லை, விடுவித்த நினைவகத்தை யாரும் தொடவில்லை. நினைவகப் பிழைகளைத் தடுக்கும் ரஸ்ட் மொழியில் எழுதியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ரஸ்ட் தடுக்கும் பிழைகள் ஏராளம், அதை நான் மதிக்கிறேன், ஆனால் இது அந்த வகை இல்லை. இது பக்க அட்டவணையின் நிலையைப் பற்றிய தர்க்கப் பிழை. அதே தர்க்கத்தை எந்த மொழியில் எழுதினாலும் அதே ஓட்டை இருக்கும்.

இனி அந்த வரலாறு. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் அதிகம் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அதுதான்.

2005-ல் லினஸ் இதே ஃபங்ஷனில் எழுதும் கோரிக்கைக்கு ஒரு ரேஸ், அதாவது இரண்டு வேலைகள் எந்த வரிசையில் நடக்கின்றன என்பதைப் பொறுத்து விளைவு மாறும் பிழை இருப்பதைக் கண்டு ஒரு திருத்தம் போட்டார். நகல் எடுத்தாகிவிட்டதா என்பதை, அட்டவணையில் அந்தப் பக்கம் 'அழுக்கு' என்று, அதாவது மாற்றப்பட்டது என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதை வைத்துப் பார்த்தார். இன்றைய பார்வையில் அது சரியான திசை. ஆனால் ஐபிஎம்மின் பெரிய கணினிகளான எஸ்390 வகையில் அது வேலை செய்யவில்லை. அந்த வன்பொருளில் 'அழுக்கு' என்ற குறி பக்க அட்டவணையில் இருக்காது, ஒவ்வொரு நினைவகப் பக்கத்துக்கும் தனியாக வைக்கப்பட்டிருக்கும். அட்டவணையைப் பார்த்தால் எப்போதும் 'சுத்தம்' என்றே தெரியும். ஆகவே திருத்தம் மாற்றப்பட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான், நகல் எடுத்து முடித்ததாகத் தகவல் வந்ததும் எழுதும் நிபந்தனையைத் தளர்த்திவிடும் அந்தக் குறுக்கு வழி.

அந்த நேரத்தில் அது பெரிய ஆபத்தாகத் தெரியாததற்குக் காரணம் உண்டு. ஒரு ப்ராசஸின் நினைவக அமைப்பைப் பாதுகாக்க ஒரு பூட்டு இருக்கிறது. அதைப் பலர் ஒரே சமயத்தில் பகிர்ந்து பிடிக்கலாம், அல்லது ஒருவர் மட்டும் தனியாகப் பிடிக்கலாம். கெட் யூசர் பேஜஸ் பகிர்ந்து பிடிக்கும். அன்றைய எம்அட்வைஸ் தனியாகப் பிடிக்கும். எனவே முன்னது சுழன்றுகொண்டிருக்கும்போது பின்னது நடுவில் நுழையவே முடியாது. 2007-ல் வந்த 2.6.22 கர்னலில், பல த்ரெட்கள் ஓடும் மென்பொருள்கள் வேகமாக இயங்குவதற்காக, முடிந்த இடங்களில் எம்அட்வைஸும் பூட்டைப் பகிர்ந்தே பிடிக்கும்படி மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான், தேவையான மாற்றம். அதைச் செய்தவர்கள் கெட் யூசர் பேஜஸின் உள்ளே ஒரு ஃப்ளாக் அழிக்கப்படுவதை நினைத்துப் பார்க்க வேண்டிய காரணமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து கதவு திறந்துவிட்டது. டர்ட்டி கவ் பாதிக்கும் பதிப்புகள் 2.6.22-லிருந்து தொடங்குகின்றன என்று எல்லா அறிவிப்புகளும் சொல்வது இதனால்தான் பொருந்துகிறது.

அதன்பின் 2011-ல், 2.6.39 பதிப்பில், ப்ராக் கோப்பகத்தின் மெம் கோப்பில் எழுதுவதும் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன்பு பிட்ரேஸ் வழி மட்டும். இதற்கிடையில் கைபேசியில்கூட நான்கு, எட்டு கோர்கள் வந்துவிட்டன. இரண்டு த்ரெட்கள் உண்மையிலேயே ஒரே கணத்தில் ஓடுவது சாதாரணமாகிவிட்டது. 2016-ல் லினஸ் எழுதிய திருத்தக் குறிப்பு இதை ஒளிவில்லாமல் சொல்கிறது: இது மிகப் பழைய பிழை, பதினோரு வருடத்துக்கு முன் நானே இதை மோசமாகச் சரிசெய்ய முயன்றேன், அது எஸ்390 காரணமாக நீக்கப்பட்டது, அன்று கோட்பாட்டளவில் மட்டும் இருந்த ரேஸ் இன்று எளிதாகத் தூண்டக்கூடியதாகிவிட்டது என்பது அதன் சாரம். எஸ்390 பிரச்சினையும் 2013-ல் வந்த 3.9 பதிப்பிலேயே தீர்ந்துவிட்டது. அதாவது பழைய திருத்தத்தைத் திரும்பக் கொண்டுவர இருந்த தடை நீங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியும், யாரும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 'கோட்பாட்டளவில் மட்டும்' என்று ஒரு ரேஸை ஒதுக்கும்போது நாம் சொல்வது அன்றைய வன்பொருளையும் அன்றைய பூட்டு முறையையும் பற்றிய ஒரு கணிப்பு மட்டுமே. குறிமுறை அப்படியே இருக்கும், அதைச் சுற்றியிருப்பதெல்லாம் மாறும். அப்படி ஒதுக்கும் இடத்தில் ஒரு குறிப்பாவது எழுதி வைக்க வேண்டும்: எது மாறினால் இது ஆபத்தாகும் என்று. அந்த ஒரு வரி அங்கே இருந்திருந்தால், 2007-ல் பூட்டை மாற்றியவர்கள் கண்ணில் பட்டிருக்க வாய்ப்புண்டு.

கண்டுபிடிப்பும் கவனிக்க வேண்டிய ஒன்று. இதை வெளிக்கொண்டு வந்தவர் பில் ஓஸ்டர். அவர் கர்னல் குறிமுறையை வரிவரியாகப் படித்து இதைக் கண்டுபிடிக்கவில்லை. தன் சர்வர்களுக்கு வரும் எச்டிடிபி போக்குவரத்தை முழுதாகப் பதிவுசெய்து வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஒரு சர்வருக்குள் யாரோ நுழைந்தபோது, அந்தப் பதிவிலிருந்து, தாக்கியவர் ஏற்றிய நிரலையே பிரித்தெடுத்தார். அதை ஆராய்ந்தபோதுதான் ஓட்டை தெரிந்தது. தாக்குதல் நடந்த கணினியின் லாக்கில் இதற்கான தடயம் எதுவும் இருக்காது: எம்மேப், எம்அட்வைஸ், ஒரு கோப்பில் எழுதுதல், எல்லாம் அன்றாட சிஸ்டம் கால்கள். பதிவு வேறு இடத்தில் இருந்ததால்தான் அகப்பட்டது.

திருத்தம் சிறியது. 'எழுதப்போகிறேன்' என்ற ஃப்ளாக்கை இனி அழிப்பதில்லை. 'நகல் எடுத்தாகிவிட்டது' என்பதற்குத் தனியாக ஒரு புது ஃப்ளாக். அந்த ஃப்ளாக் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை, அட்டவணையில் அந்தப் பக்கம் 'அழுக்கு' என்று இன்னும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கொடுக்கும். நடுவில் நகல் தூக்கிப் போடப்பட்டிருந்தால் அந்தக் குறி இருக்காது, மறுபடி முதலிலிருந்து நகல் எடுக்கும். 4.8.3, 4.7.9, 4.4.26 ஆகிய பதிப்புகளில் இது வந்தது.

அதோடும் முடியவில்லை. 2017 நவம்பரில் பைண்டிசி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்தத் திருத்தத்திலேயே ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். 4 கேபி பக்கங்களுக்குப் பதில் 2 எம்பி பக்கங்களைப் பயன்படுத்தும் வசதி லினக்ஸில் உண்டு. அந்தப் பெரிய பக்கங்களைக் கையாளும் பகுதியில், நகல் எடுக்காமலேயே ஒரு பக்கத்துக்கு 'அழுக்கு' என்ற குறி விழ வழி இருந்தது. அழுக்கு என்றால் நகல் எடுத்தாகிவிட்டது என்ற அனுமானம் அங்கே உடைந்தது. சிவிஇ-2017-1000405, ஹ்யூஜ் டர்ட்டி கவ் என்று பெயர் வைத்தார்கள். அதன் பாதிப்பு முதலாவதைவிடக் குறைவு, சாதாரண வட்டுக் கோப்புகளை அதன்மூலம் மாற்ற முடியாது. ஆனாலும் முதல் பிழையைப் பற்றி உலகமே பேசிய பிறகு, அதே இடத்தில், அதே வகை அனுமானத்தில் மறுபடி இடறியது என்பது காப்பி ஆன் ரைட் எவ்வளவு நுட்பமான வேலை என்பதைக் காட்டுகிறது.

ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கர்னலில்தான் ஓடுகிறது, ஆகவே கைபேசிகளும் தப்பவில்லை. ஒரு பக்கம், தங்கள் சொந்தக் கைபேசியை ரூட் செய்ய விரும்பியவர்களுக்கு இது ஒரு வாசலானது. கூகுளின் திருத்தம் 2016 டிசம்பர் பாதுகாப்புப் பதிப்பில் வந்தது. ஆனால் அந்தத் திருத்தத்தைக் கைபேசித் தயாரிப்பாளர் தன் மாடலுக்கு எடுத்துத் தந்தால்தானே பயனருக்கு வந்து சேரும்? பழைய மாடல்கள் பலவற்றுக்கு அது வரவே இல்லை. 2017 செப்டம்பரில் ட்ரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம், ஸ்னியு என்ற தீநிரல் டர்ட்டி கவ்வைப் பயன்படுத்துவதாக அறிவித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது காணப்பட்டது, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தார்கள். ரூட் உரிமை பெற்று, பின்கதவு வைத்து, சீனப் பயனர்களிடம் எஸ்எம்எஸ் கட்டணம் வழியாகப் பணமும் எடுத்தது. கூகுளின் திருத்தம் வந்து ஒன்பது மாதம் ஆன பிறகு இது. விலை குறைந்த கைபேசி வாங்கியவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காமல் போவதை நான் தொழில்நுட்பப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதில்லை. விற்றவரின் பொறுப்பு பெட்டியைக் கொடுத்ததோடு முடிந்துவிடுகிறது என்பதே அநியாயம்.

டர்ட்டி பைப் என்று 2022-ல் வந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இரண்டையும் ஒன்றென நினைப்பவர்கள் நிறைய. அது சிவிஇ-2022-0847, கண்டுபிடித்தவர் மாக்ஸ் கெல்லர்மான். தங்கள் வாடிக்கையாளர்களின் சுருக்கப்பட்ட லாக் கோப்புகள் சில சமயம் கெட்டுப்போவதற்குக் காரணம் தேடி, கோப்பின் கடைசி எட்டு பைட்டுகளில் வேறொரு ஜிப் கோப்பின் துண்டு வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு, அங்கிருந்து கர்னல்வரை போனார். விளைவு அதேதான்: படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பின் பேஜ் கேஷில் எழுதலாம். ஆனால் காரணம் வேறு. அதில் ரேஸ் எதுவும் இல்லை, ஒரு ப்ராசஸின் தரவை இன்னொன்றுக்குக் கடத்தும் பைப்பின் ஒரு ஃப்ளாக்கைத் துடைக்காமல் விட்டதுதான் பிழை. அதனால் ஒவ்வொரு முறையும் தவறாமல் வேலை செய்தது. அங்கும் அதே வரலாறுதான் என்பது என்னைத் தொந்தரவு செய்கிறது: துடைக்காமல் விட்டது 2016-ல், 4.9 பதிப்பில். அப்போது அதனால் தீங்கில்லை. 2020-ல் 5.8 பதிப்பில் வேறொரு மாற்றம் வந்தபோது அது ஆயுதமானது.

இப்போது உங்கள் சர்வருக்கு வருவோம்.

யூநேம் கட்டளை காட்டும் கர்னல் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரெட் ஹேட், டெபியன், உபுண்டு போன்றவை பழைய பதிப்பு எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்க்கும் வழக்கம் உள்ளவை. 3.10 என்று காட்டும் கர்னல் திருத்தப்பட்டதாகவும் இருக்கலாம், திருத்தப்படாததாகவும் இருக்கலாம். உங்கள் விநியோகத்தின் பாதுகாப்பு அறிவிப்பில் சிவிஇ எண்ணைத் தேடி, எந்தத் தொகுப்பு எண்ணில் சரியானது என்று ஒப்பிடுங்கள். ஸ்கேனர்கள் இந்த இடத்தில் அடிக்கடி தவறான எச்சரிக்கை தரும். இன்னொன்று, புதிய கர்னல் தொகுப்பை நிறுவினால் மட்டும் போதாது. ரீபூட் செய்யும்வரை ஓடுவது பழைய கர்னல்தான். நிறுவிவிட்டு வருடக்கணக்கில் ரீபூட் செய்யாமல் ஓடும் சர்வர்கள் இருக்கின்றன, "இத்தனை நாள் நிற்காமல் ஓடுகிறது" என்று பெருமையாகவும் சொல்வார்கள். ஓடும் கர்னலையே ரீபூட் இல்லாமல் திருத்தும் லைவ் பேட்ச் வசதி இருந்தால் அது வேறு.

"உள்ளே லாகின் உள்ளவர்கள் எங்கள் ஆட்கள்தானே, வெளியாள் இதைப் பயன்படுத்த முடியாதே" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உண்மைதான், இது வெளியிலிருந்து நேரடியாக நுழையும் ஓட்டை அல்ல. ஆனால் ஒரு பழைய வலைத்தள மென்பொருளில் கோப்பு ஏற்றும் ஓட்டை இருந்தால், தாக்குபவர் வெப் சர்வரின் பயனராக உள்ளே வந்துவிடுவார். அந்தப் பயனருக்கு ஒன்றும் செய்ய அதிகாரமில்லை என்று நாம் நம்பியிருப்போம். அங்கிருந்து ரூட் ஆவதற்கு இது சில நொடி வேலை. ஓஸ்டரின் சர்வரில் நடந்ததும் இந்த வழிதான், அதனால்தான் அது எச்டிடிபி பதிவில் அகப்பட்டது. மென்பொருளைத் தனியறை போன்ற கண்டெய்னருக்குள் பூட்டியிருக்கிறோம் என்பதும் காப்பாற்றாது. கண்டெய்னர்கள் எல்லாம் ஒரே கர்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. எல்லா ப்ராசஸ்களுக்கும் கர்னல் பொதுவாகக் கொடுக்கும் விடிஎஸ்ஓ என்ற பக்கத்தை மாற்றி, கண்டெய்னரிலிருந்து வெளியே வரும் நிரல் 2016-லேயே வெளிவந்துவிட்டது.

சர்வர் திருத்தப்படாமல் வெகுகாலம் இணையத்தில் இருந்தது என்று தெரிந்தால், கர்னலை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். டர்ட்டி கவ் வழியாக எழுதிய மாற்றம் ராமோடு போய்விடாது. எழுதி முடித்ததும் கர்னல் அந்தப் பக்கத்தை அழுக்கு என்று குறிப்பதால், அது பிறகு வட்டிலும் எழுதப்பட்டுவிடும். டர்ட்டி பைப் அப்படியல்ல, அதன் மாற்றம் ரீபூட்டில் மறைந்துபோகக்கூடும். ஆகவே யார் இயக்கினாலும் ரூட் உரிமையோடு ஓடும் சு, சூடோ போன்ற செட்யுஐடி பைனரிகளையும் பாஸ்வேர்ட் கோப்பையும் பாருங்கள். இந்த ஓட்டையால் கோப்பின் நீளத்தைக் கூட்ட முடியாது, இருக்கும் பைட்டுகளை மாற்றி எழுத மட்டுமே முடியும். எனவே கோப்பின் அளவு மாறாமல் இருப்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் என்ற கைரேகையை ஒப்பிடுவதுதான் வழி: ஆர்பிஎம் அமைப்பில் அதன் சரிபார்ப்பு வசதி, டெபியன் குடும்பத்தில் டெப்சம்ஸ். அந்த ஒப்பீட்டையும் அதே கணினிக்குள் இருந்து செய்யாமல், வட்டை வேறொரு நம்பகமான கணினியில் பொருத்திச் செய்யுங்கள், ஏனென்றால் ரூட் ஆனவர் ஒப்பிடும் கருவியையே மாற்றியிருக்கலாம். ஏதாவது ஒன்று பொருந்தாமல் போனால் மேலும் தேடிக்கொண்டிருக்காமல், தரவை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக நிறுவிவிடுங்கள். அந்த சர்வரில் இருந்த எஸ்எஸ்எச் சாவிகளையும் டேட்டாபேஸ் கடவுச்சொற்களையும் அதே நாளில் மாற்றுங்கள். அவை வேறு எந்தெந்தக் கணினிகளில் செல்லும் என்ற பட்டியலை இப்போதே எழுதத் தொடங்கலாம், அதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.